வெட்டு ஒன்று, துண்டு இரண்டு: சி பைஷியும் அவர் கற்களும்

1890-களின் நடுவில், சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஒரு பணக்காரர் வீட்டில் தங்கி உருவப்படம் வரைந்துகொண்டிருந்தார் ஒரு கிராமத்து ஓவியர். சாங்ஷா நகரத்திலிருந்து முத்திரை வெட்டும் ஆள் ஒருவரும் அதே வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். ஆளாளுக்குக் கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பெயர் வெட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓவியருக்கும் ஆசை வந்தது. தன்னிடமிருந்த ஷோஷான் கல் ஒன்றைக் கொடுத்தார். சில நாள் கழித்துப் போய்க் கேட்டால், "நன்றாகச் சமமாகத் தேய்த்துக் கொண்டு வா" என்று கல் திரும்பி வந்தது. கல் ஏற்கெனவே வழுவழுவென்றுதான் இருந்தது. பெரிய மனிதர் சொல்கிறாரே என்று தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, ஓரமாகப் போட்டார். இன்னும் சில நாள் போனது. மறுபடி அதே பதில்: "சமமாக இல்லை, போய்த் தேய்."

அப்போதுதான் உறைத்தது. இங்கே குறை கல்லில் இல்லை, கல்லைக் கொண்டுவந்த ஆளின் பிறப்பில் இருக்கிறது. அன்று ராத்திரியே ஓவியர் அந்தக் கல்லில் தன் பெயரைத் தானே வெட்டிக்கொண்டார். கையில் முத்திரைக் கத்தி கிடையாது. கால் நகமும் காய்ப்பும் சீவுகிற கத்திதான் இருந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, சாங்ஷாக்காரர் வெட்டியதைவிட இது எவ்வளவோ மேல் என்றாராம். அது முகஸ்துதி என்று இவருக்கும் தெரியும். ஆனால் கை கல்லின் ருசியைக் கண்டுவிட்டது.

வயதான காலத்தில் அவரே சொல்லி எழுதவைத்த தன்வரலாற்றில் இந்தச் சம்பவம் வருகிறது. அந்த ஓவியர் சி பைஷி. இருபதாம் நூற்றாண்டுச் சீன ஓவியம் என்றாலே முதலில் வரும் பெயர்களில் ஒன்று. இணையத்தில் தேடினால் இறால்கள் வரும். தண்ணீரை வரையாமலே, வெறும் மையால் தண்ணீருக்குள் நீந்தவிட்ட இறால்கள். அப்புறம் கோழிக்குஞ்சு, முட்டைக்கோஸ், தவளை, தும்பி. எனக்கும் அந்த இறால்களைப் பிடிக்கும். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவற்றின் ஓரத்தில் இருக்கும் சிவப்புச் சதுரம்தான். ஓவியர் என்பதால் அவர் முத்திரையும் வெட்டினார் என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். அவர் வாழ்க்கையைப் படித்துக்கொண்டே போனால் எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. கதவுகளைத் திறந்தது கல். அதற்குப் பின்னால்தான் ஓவியம் உள்ளே போனது.

முத்திரை என்றால் நமக்கு ஞாபகம் வருவது தாலுக்கா ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப். சீனத்தில் அது வேறு உலகம். பழங்காலத்தில் முத்திரைகள் வெண்கலத்திலும் ஜேடிலும் இருந்தன. வெட்டியவர்கள் கைவினைஞர்கள். படித்தவர் எழுத்தை வடிவமைத்துக் கொடுப்பார், வேலைக்காரர் வெட்டுவார். மென்மையான கல் புழக்கத்துக்கு வந்த பிறகு இது மாறியது. பதினாறாம் நூற்றாண்டில் நான்ஜிங்கில் வென் பெங் என்ற அறிஞர், கழுதை மேல் வந்த கூடைகளிலிருந்து கற்களை மொத்தமாக வாங்கித் தானே வெட்ட ஆரம்பித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதன் பிறகு கவிதை, எழுத்துக்கலை, ஓவியம் இவற்றோடு முத்திரையும் ஒரு கலையாக உட்கார்ந்துகொண்டது. ஃபூஜியான் மாகாணத்து ஷோஷான் கல், ஜேஜியாங் மாகாணத்து சிங்தியான் கல் இரண்டும் பேர்போனவை. தொட்டால் நம் கல்சட்டியின் மாக்கல் மாதிரி கொஞ்சம் எண்ணெய்ப்பிசுக்காக இருக்கும். கத்தி எளிதில் இறங்கும். எழுத்தை இடவலமாகத் திருப்பி வெட்டி, சாதிலிங்கத்தை ஆமணக்கெண்ணெயும் மூலிகை நாரும் சேர்த்துக் குழைத்த சிவப்புக் குழம்பில் ஒற்றித் தாளில் அழுத்துவார்கள். எழுத்தைப் பள்ளமாக வெட்டினால் சிவப்பில் வெள்ளை எழுத்து. சுற்றியுள்ளதைக் குடைந்தெடுத்தால் வெள்ளையில் சிவப்பு எழுத்து.

இந்த அறிஞர் கூட்டத்துக்குள் சி பைஷி எப்படி வந்தார் என்பதுதான் விசேஷம். 1864 ஜனவரி 1-ஆம் தேதி ஷியாங்தான் பக்கம் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குளிர்காலத்தில் அடுப்படியில் உட்கார்ந்து, இடுக்கியால் சாம்பலில் கோடு இழுத்துத் தாத்தாதான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் ஒரு வருஷம்கூடச் சரியாக நிலைக்கவில்லை. மாடு மேய்க்கப் போனான் பையன். பொழுது சாய்ந்தும் வரவில்லையே என்று வாசலில் நின்று தவித்த பாட்டி, அவன் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டாள். மணிச் சத்தம் தூரத்தில் கேட்டால் பேரன் வருகிறான், உலை வைக்கலாம்.

வயலில் இறங்கி வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்காததால் தச்சு வேலைக்கு விட்டார்கள். முதலில் உத்தரம், தூண் என்று வீடு கட்டும் தச்சு. ஒரு நாள் குருவோடு வயல் வரப்பில் வந்துகொண்டிருந்தபோது எதிரே மூன்று பேர் தச்சுச் சாமான்களோடு வந்தார்கள். குரு சட்டென்று ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். அவர்கள் தலையைக்கூட ஒழுங்காக அசைக்காமல் போய்விட்டார்கள். "அவர்களும் தச்சர்கள்தானே, நாம் ஏன் ஒதுங்க வேண்டும்?" என்று பையன் கேட்டான். "நாம் முரட்டு வேலைக்காரர்கள். அவர்கள் நுணுக்க வேலைக்காரர்கள். அவர்களுக்குச் சமமாக நாம் நிற்கலாமா?" என்றார் குரு. தொழிலாளிக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதைப் பதினைந்து வயதில் தெரிந்துகொண்ட பையன், அடுத்த வருஷம் ஜோ ஜிமெய் என்ற செதுக்குத் தச்சரிடம் போய்ச் சேர்ந்தான். கட்டில், அலமாரி, கல்யாணப் பல்லக்கு எல்லாவற்றிலும் பூவும் உருவமும் செதுக்கும் வேலை. உளியை எப்படிச் சாய்க்க வேண்டும், மரத்தின் ஓட்டத்தோடு எப்படிப் போக வேண்டும் என்பதெல்லாம் கைக்கு வந்தது அங்கேதான்.

இருபது வயதில், வேலைக்குப் போன ஒரு வீட்டில் பழைய ஓவியப் பாடநூல் ஒன்று கண்ணில் பட்டது. கடுகுவிதைத் தோட்டம் என்று பேர்போன அந்தப் புத்தகத்தின் பாகங்களில் ஒன்று குறைந்தது. பரவாயில்லை என்று இரவல் வாங்கி, பகலெல்லாம் மரவேலை, ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் மெல்லிய தாளை வைத்துப் படியெடுப்பு என்று அரை வருஷம் போல உட்கார்ந்து முழுவதையும் வரைந்துகொண்டார். 1889-இல் ஹூ சின்யுவான் என்ற உள்ளூர்ப் பிரபு இவரைக் கண்டுபிடித்து, கவிதையும் ஓவியமும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். படம் விற்றே குடும்பத்தைக் காப்பாற்றலாம் என்று தைரியம் சொன்னவரும் அவர்தான். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கல் என்ற சாவடியின் பெயரால் பைஷி என்ற புனைபெயரும் அப்போது வந்தது. பத்து வருஷம் கழித்துக் கவிஞர் வாங் கையுன் இவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார். அவரிடம் ஏற்கெனவே ஒரு கன்னாரும் ஒரு கொல்லரும் படித்துக்கொண்டிருந்தார்கள். தச்சரும் சேர்ந்ததும் வாங் வீட்டு மூன்று கைவினைஞர் என்று ஊரே பேசியது. அதில் பாராட்டு பாதி, நக்கல் பாதி என்றே எனக்குப் படுகிறது.

கல்லுக்கு வருவோம். அந்த நகவெட்டுக் கத்தி ராத்திரிக்குப் பிறகு, முறையாகக் கற்க வேண்டும் என்று நண்பர் லி டியெஆனிடம் போனார். "எவ்வளவு வெட்டினாலும் சரியாக வரவில்லையே, என்ன செய்வது?" நண்பரின் பதிலை நான் மிகவும் ரசித்தேன். நான்சுவான் பள்ளத்தாக்கில் கல்லுக்கு என்ன பஞ்சம்? ஒரு சுமை தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ. வெட்டு, தேய்த்து அழி, மறுபடி வெட்டு. மூன்று நான்கு பலகாரப் பெட்டி நிறையக் கற்சேறு சேர்ந்தால் உனக்கு வேலை வந்துவிடும். கிண்டலாகச் சொன்னதாகவும் இருக்கலாம். இவர் அப்படியே செய்தார். தேய்க்கத் தண்ணீர் வேண்டும். தேய்த்தால் சேறு வரும். அறையின் ஒரு பக்கம் நனைந்து சேறானால் மறுபக்கம் நகர்வார், அதுவும் சேறாகும். அறைக்குள் வெள்ளம் வந்தது போல இருந்ததைப் பின்னாளில் கவிதையாகவே எழுதியிருக்கிறார்.

தேய்த்துக் கொண்டு வா என்று அவமானப்படுத்தப்பட்டவர், தேய்த்தே கற்றுக்கொண்டார்.

1902-க்கும் 1909-க்கும் இடையில் ஐந்து நீண்ட பயணங்கள்: சியான், பெய்ஜிங், ஜியாங்ஷி, குவாங்ஷி, குவாங்டாங். மலைகளைக் கண்ணால் பார்த்து வரைந்த வருஷங்கள் இவை. நான் இங்கே நிற்கப்போவது சியானில் மட்டும். அங்கே மாகாணத்தின் பெரிய நீதி அதிகாரி ஃபான் ஸெங்ஷியாங் கவிஞரும்கூட. அவருக்குக் கொடுக்கலாம் என்று சில முத்திரைகள் வெட்டி எடுத்துக்கொண்டு பைஷி அலுவலகத்துக்குப் போனார். வாசற்காவலருக்கு மாமூல் தரவில்லை. எனவே உள்ளே தகவல் போகவில்லை. திரும்பி வந்தார். பிறகு நண்பர் ஒருவர் சொல்லி ஃபான் கூப்பிட்டு அனுப்பினார். முத்திரைகளைப் பார்த்துவிட்டு 50 தேல் (அந்நாளைய எடைக்கணக்கு) வெள்ளி கொடுத்ததோடு, இவருக்காகத் தன் கையாலேயே ஒரு விலைப்பட்டியலும் எழுதிக் கொடுத்தார். சாதாரணப் பெயர் முத்திரைக்கு எழுத்துக்கு மூன்று வெள்ளி. கல் பெரிதானால் கூடுதல். தினை அளவில் பொடி எழுத்தென்றால் எழுத்துக்குப் பத்து. அன்று சீனாவை ஆண்ட ஸிஷி பேரரசியின் அரண்மனைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றும் ஃபான் சொன்னார். பைஷி மறுத்துவிட்டார். பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டார். எது சோறு போடும் என்று தெரிந்த மனிதர்.

1917-இல் ஊரில் கொள்ளைக்காரர் தொல்லை தாங்காமல் பெய்ஜிங்குக்குத் தப்பி வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஃபாயுவான் கோயிலில் ஒரு அறையில் தங்கிக்கொண்டு, லியூலிசாங் தெருவின் காகிதக் கடைகளில் தன் ஓவியத்துக்கும் முத்திரைக்கும் விலை போட்டு மாட்டினார். அந்தத் தெருவில் இவர் வெட்டிய முத்திரைகளைப் பார்த்தார் சென் ஷிஸெங். ஜப்பானில் படித்தவர், பெரிய குடும்பம், பெய்ஜிங் ஓவிய உலகத்தில் மதிப்புள்ளவர். யார் இந்த ஆள் என்று தேடிக்கொண்டு கோயிலுக்கே வந்தார். பைஷி தன் மலைக்காட்சி ஓவியங்களை எடுத்துக் காட்ட, சென் ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார். முன்பு முத்திரையால் உன்னை அறிந்தேன், இப்போது பார்த்தால் உன் ஓவியமும் முத்திரை எழுத்தாக இருக்கிறது என்று தொடங்கும். உன் வழியில் நீ வரை, தலை குனிந்து கூட்டத்தோடு சேர்வானேன் என்று போகும். பைஷியின் வாழ்க்கையில் யார் எழுதிய விமர்சனத்தையும்விட அந்த முதல் இரண்டு வரிகள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

1919-இல் பெய்ஜிங்கிலேயே தங்கிவிட்டார். ஒரு விசிறி ஓவியத்துக்கு இரண்டு வெள்ளி நாணயம். மற்றவர்கள் வாங்கியதில் பாதி. அப்படியும் கேட்பாரில்லை. குளிர்ந்து ஒடுங்கிய பழைய பாணியை விடு என்று சென் சொன்னார். பைஷி மொத்தத்தையும் உதறினார். பெய்ஜிங்கில் பட்டினி கிடந்து செத்தாலும் யாரும் எனக்காக இரங்க வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டு, அடர்ந்த சிவப்புப் பூவும் கறுப்பு மை இலையுமாகப் புதிதாக வரைய ஆரம்பித்தார். 1922-இல் சென் இவருடைய ஓவியங்களை டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்கு எடுத்துப் போனார். எல்லாம் விற்றுப்போயின. பூ ஓவியம் 100 வெள்ளி, இரண்டடி மலைக்காட்சி 250. அதன்பிறகு பெய்ஜிங் வியாபாரிகளுக்கும் கண் தெரிந்தது. மறுவருஷமே சென் இறந்துபோனார்.

இனி அந்தக் கத்தியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முத்திரை வெட்டுகிறவர் சாதாரணமாக ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, கல்லைத் திருப்பி அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று இரண்டு கரையையும் சீராக்குவார். பைஷி அப்படிச் செய்யவில்லை. எழுதும்போது கோட்டின்மேல் மறுபடி கோடு தீட்டுவோமா, அதுபோலத்தான் வெட்டும், போன கத்தி திரும்பி வராது என்று சொன்னார். மற்றவர்களுக்கு நான்கு திசை, எனக்கு இரண்டே திசை: நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே தள்ளு. கத்தி ஓடும் கரை நேராகப் பளிச்சென்று நிற்கும். எதிர்க்கரையில் கல் தானாகத் தெறித்து உடையும். அந்தச் சிதைவைத் திருத்தமாட்டார். அவருடைய முதிர்ந்த காலத்து முத்திரை ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்கும் ஒரு ஓரம் வாளால் சீவியது போலவும் மறு ஓரம் பல்பல்லாகவும் இருக்கும். எழுத்துகள் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், இன்னொரு பக்கம் சிவப்பு வெட்டவெளியாகக் கிடக்கும். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று நாம் ஒருவரின் பேச்சைச் சொல்வோமே, அதை அப்படியே கையால் செய்திருக்கிறார்.

இது சும்மா முரட்டுத்தனத்தில் வந்ததல்ல. ஆரம்பத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு ஹாங்ஜோ முத்திரைக்காரர்களைப் பார்த்துப் படித்தார், பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டு முத்திரைக்காரர் ஜாவோ ஜிச்சியானை. கி.பி. 276-இல் வெட்டிய ஒரு கல்வெட்டின் மைப்படி கையில் கிடைத்ததும் கத்தி மாறியது. மூலக்கல் 1805-இல் தீயில் போய்விட்டது, படிகள்தான் மிச்சம். அதைவிடப் பழைய ஹான் காலத்துக் கல்வெட்டு ஒன்றைப் பார்த்ததும் எழுத்தமைப்பு மாறியது. கடைசியில் சின் வம்சத்து எடைக்கற்களின் எழுத்து. கணக்குக்காகக் கிறுக்கிய, அழகுக்கு யாரும் மெனக்கெடாத எழுத்து. அங்கே போய்த்தான் நின்றார். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒரே தள்ளில் ஆழமாகப் போகிற அந்தத் தோள் பலம் எந்தக் கல்வெட்டிலும் கிடைத்திருக்காது. ஜோ ஜிமெய் பட்டறையில் கட்டில் செதுக்கிய வருஷங்களில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் தச்சர் என்பதைப் பெய்ஜிங் மேட்டுக்குடி ஓவியர்கள் மறக்கவில்லை. அவரும் மறக்கவிடவில்லை. தச்சர்களின் ஆதிகுரு லூ பானின் சீடன் என்று ஒரு முத்திரை. மர மனிதன் என்று ஒன்று. பெருந்தச்சன் வாசல் என்று ஒன்று. பாட்டி கட்டிய மணிக்காக, மணி அணிந்தவன் என்று ஒன்று. முந்நூறு கல் முத்திரைச் செல்வந்தன் என்று ஒரு பட்டம், அதுவும் தானே தனக்குச் சூட்டியது. உலகத்தார் இளக்காரமாகப் பார்ப்பது என்றும் ஒன்று வெட்டி வைத்திருந்தார். நாட்குறிப்பு எழுத வேண்டியதையெல்லாம் இந்த மனிதர் கல்லில் எழுதியிருக்கிறார்.

வடக்கே ஒருவர் என் தோலையும் மயிரையும் மட்டும் கற்றுக்கொண்டு பெரிய பெயர் வாங்கிவிட்டார் என்று ஷாங்காயின் மூத்த ஓவியர் வூ சாங்ஷுவோ சொன்னதாக ஒரு பேச்சு உலவியது. இத்தனைக்கும் வூவின் வீட்டு வாசலில் நாயாகப் பிறக்கவும் தயார் என்று கவிதை எழுதியவர் பைஷி. ஆத்திரப்பட்டுக் கட்டுரை எழுதவில்லை. இந்தக் கிழவனும் தோல் மயிர் ரகம்தான் என்று ஒரு முத்திரை வெட்டிக்கொண்டார்.

காசு விஷயத்தில் கறார். பூவோடு பூச்சியோ பறவையோ வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் பத்து யுவான் கூடுதல், கொடியோடு தேனீ என்றால் தேனீக்கு இருபது என்று சுவரில் எழுதி ஒட்டியவர். பேரம் பேசுகிறவர் பிறரைக் கெடுத்துத் தான் வாழ்கிறவர் என்றும் அதிலேயே சேர்த்திருந்தார். இதைக் கஞ்சத்தனம் என்று சிரிப்பார்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகிய கை, தேனீயையும் எண்ணித்தானே கொடுக்கும்.

ஆனால் அதே மனிதர், ஜப்பானியர் பெய்ஜிங்கைப் பிடித்திருந்த காலத்தில், வந்த காசை வேண்டாம் என்றார். 1937-க்குப் பிறகு பாடம் நடத்தும் வேலையை விட்டார். நெஞ்சு நோய், யாரையும் பார்ப்பதில்லை என்று கதவில் எழுதி ஒட்டினார். 1940-இல் அதிகாரிகளுக்கு ஓவியம் விற்பதில்லை, அதிகாரி குடிமக்கள் வீட்டுக்குள் வந்தால் வீட்டுக்காரனுக்கு ஆகாது என்று இன்னொரு அறிவிப்பு. 1944-இல் கலைக்கல்லூரி நிலக்கரிப் பங்கீடு தர முன்வந்தபோது, நான் உங்கள் ஊழியன் அல்ல, தவறாக அனுப்பிவிட்டீர்கள் என்று திருப்பிவிட்டார். பெய்ஜிங் குளிரில் நிலக்கரியை வேண்டாமென்பது லேசான காரியமில்லை. கூடவே இதையும் சொல்ல வேண்டும்: எழுபத்தைந்தாவது வயதில் கண்டம் என்று ஜோசியர் சொன்னதை நம்பி, 1937-இல் தன் வயதில் இரண்டைக் கூட்டி எழுபத்தேழு என்று போட்டுக்கொண்டு தப்பித்தார். அதனால் கடைசிக்கால ஓவியங்களில் அவர் எழுதியிருக்கும் வயதை அப்படியே நம்பக்கூடாது.

போர் முடிந்து 1946-இல் நான்ஜிங்கிலும் ஷாங்காயிலும் கண்காட்சி. இருநூறுக்கும் மேல் ஓவியங்கள் விற்றன. கட்டுக்கட்டாக நோட்டு கொண்டுவந்தார். பெய்ஜிங் வந்து பார்த்தால் அந்தப் பணத்துக்குப் பத்து மூட்டை மாவுகூட வாங்க முடியவில்லை. பணவீக்கம். அதன்பின் வந்த புதிய அரசு தலைமேல் வைத்துக் கொண்டாடியது. மாவோ சேதுங்குக்கு முத்திரை வெட்டிக் கொடுத்தார், 1953-இல் மக்கள் கலைஞர் பட்டம், பிறகு உலக சமாதானப் பரிசு. 1957 செப்டம்பர் 16-இல் இறந்தார். 1925-இல் வரைந்த பன்னிரண்டு மலைக்காட்சித் திரைகள் 2017 டிசம்பரில் பெய்ஜிங் ஏலத்தில் 93.15 கோடி யுவானுக்குப் போயின.

இவ்வளவு விலை போனால் போலி வராமல் இருக்குமா? அவர் உயிரோடிருந்த காலத்திலேயே வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் நிபுணர்கள் பார்க்கும் இடங்களில் முத்திரையும் ஒன்று. இறாலைப் பழகிப் பழகி வரைந்துவிடலாம். கல் தானாக உடைந்த ஓரத்தைக் கையால் அப்படியே திரும்ப உடைப்பது கஷ்டம். என்றாலும் அச்சுத் தகடு வந்த பிறகு அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பைஷி இதற்கும் வழக்கம்போல ஒரு கல்லை எடுத்தார். என் ஓவியங்கள் உலகமெல்லாம் சுற்றுகின்றன, பெரும்பாலும் போலி என்று வெட்டி, தன் ஓவியங்களில் ஒற்றினார். அந்த முத்திரையையும் யாராவது போலியாக வெட்டி வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.